ஒரு தாள், ஆறு பக்கம், இரண்டு மடிப்பு

புள்ளலூர் என்றதும் வரலாறு படித்தவர்களுக்குப் போர்தான் நினைவுக்கு வரும். மகேந்திரவர்மப் பல்லவன் இங்கே பகைவர்களை வென்றதாகக் காசக்குடிச் செப்பேடு சொல்கிறது. 1780 செப்டம்பர் 10 அன்று ஹைதர் அலி, திப்பு சுல்தான் படைகள் கர்னல் பெய்லியின் ஆங்கிலேயப் படையை முறியடித்ததும் இந்த ஊர்ப் பக்கத்தில்தான். ஆனால் இந்தக் கட்டுரை அந்தப் போர்களைப் பற்றியது அல்ல. அந்த ஊர்ப் பையன் ஒருவன் ஒரு தாளோடு நடத்திய போரைப் பற்றியது!

அவன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. சித்தப்பா மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், கிச்சிலிச் சம்பா என்று பாரம்பரிய நெல் பயிரிட்டு அரிசியாக்கி விற்கிறார். காஞ்சிபுரத்தில் ஒரு கண்காட்சியில் கடை போட இடம் கிடைத்தது. "நீ கம்ப்யூட்டர் படிக்கிறவன்தானே, ஒரு நோட்டீஸ் போட்டுக் குடுடா" என்றார். ஆயிரம் பிரதிகளுக்கான பணத்தையும் எடுத்து வைத்துவிட்டார். அது நெல் விற்ற பணம். கம்ப்யூட்டர் படிப்பதற்கும் நோட்டீஸ் போடுவதற்கும் சம்பந்தமில்லை என்று அவனால் சொல்ல முடியவில்லை.

சரி, பழைய நோட்டீஸில் விலையை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைத்தான். அதைச் செய்து தந்த டிடிபி கடையில் கோப்பு கிடைத்தது. பேஜ்மேக்கரில் செய்தது. எழுத்தை நகலெடுத்து தன் கணினியில் ஒட்டினான். ஒரு வரி கூடத் தமிழாக இல்லை. எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பை!

காரணம் எளியது. பேஜ்மேக்கர் 1985-ல் ஆல்டஸ் நிறுவனம் வெளியிட்டது. மேசைக் கணினியிலேயே பக்கம் வடிவமைக்கலாம் என்று உலகுக்குக் காட்டிய மென்பொருள் அது. 1994-ல் ஆல்டஸை அடோபி வாங்கியது. 2001-ல் வந்த 7.0 தான் கடைசிப் பதிப்பு. நம் ஊர்க் கடைகளில் அதற்குப் பிறகும் பல வருடம் அது ஓடியது. அதில் தமிழ் அடிக்க பாமினி போன்ற எழுத்துருக்களைப் பயன்படுத்தினார்கள். பாமினியில் 'கொ' என்பது கணினிக்குத் தமிழே அல்ல. என், எஃப், எச் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் தமிழ் வேடம் போட்டு நிற்கின்றன, அவ்வளவுதான். எழுத்துருவை எடுத்துவிட்டால் வேடம் கலைந்துவிடும். தேடினால் கிடைக்காது, அகரவரிசையில் அடுக்க முடியாது. எழுத்து மாற்றி ஒன்றில் போட்டு யுனிகோடாக மாற்றினான். பிழை திருத்த ஒரு மாலைப்பொழுது போனது. ஆனால் சித்தப்பாவின் வாசகம் பிழைத்துக்கொண்டது.

அடுத்தது எந்த மென்பொருள் என்ற கேள்வி. வேர்டு தெரிந்ததுதான். ஆனால் வேறு கணினியில் திறந்தால் படம் ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் ஓடும். கான்வா சுலபம். ஆனால் அச்சுக்குத் தேவையான நான்கு வண்ணக் கோப்பு வேண்டுமென்றால் கட்டணத் திட்டத்துக்குப் போகவேண்டும். 1999-ல் பேஜ்மேக்கரின் இடத்தைப் பிடிக்க வந்த இன்டிசைன் தொழில்முறைக் கருவி. அதில் தமிழ் சிதறினால், பத்தி அமைப்பில் 'வேர்ல்ட் ரெடி' கம்போஸரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால் மாதச் சந்தா. ஒரே ஒரு நோட்டீஸுக்காக அது கட்டாது.

கடைசியில் ஸ்கிரைபஸ். இலவசம், திறந்த மூல மென்பொருள். இதில் ஒரு சிக்கல் இருந்தது. யுனிகோடில் 'கொ' என்றால் முதலில் க, பிறகு கொம்பும் காலும் சேர்ந்த குறி. திரையில் மட்டும் கொம்பு முன்னால் தாவ வேண்டும். இதைச் செய்யத் தெரியாத மென்பொருளில் தமிழ் உடைந்து தெரியும். ஸ்கிரைபஸும் முன்பு அப்படித்தான் இருந்தது. 1.5 வரிசையில் அதைச் சரிசெய்தார்கள். 2024 ஜனவரியில் வந்த 1.6 நிலையான பதிப்பிலும் அது இருக்கிறது. அவன் முதலில் 'கொ', 'போ', 'ஸ்ரீ' மூன்றையும் அடித்துப் பார்த்தான். உடையவில்லை. முடிவு செய்துவிட்டான்.

கற்றுக்கொள்ள ஒரு வாரம் ஆனது. வேர்டு பழகிய கைக்கு முதல் நாள் எரிச்சல்தான் வந்தது. இங்கே நேராகத் தட்டச்சு செய்ய முடியாது. எழுத்துக்கு ஒரு சட்டம், படத்துக்கு ஒரு சட்டம் வரைந்துகொண்டு அதற்குள் நிரப்ப வேண்டும். இரண்டாம் நாள் ஸ்டைல்ஸ் புரிந்தது. தலைப்பின் அளவை ஒரு இடத்தில் மாற்றினால் எல்லாத் தலைப்பும் மாறும். அதன் பிறகு எரிச்சல் போய்விட்டது.

மூன்றாம் நாள் மடிப்பு. ஏ4 தாளின் நீளம் 297 மில்லிமீட்டர். மூன்றாகப் பிரித்தால் 99. ஆனால் உள்ளே மடங்கும் பகுதியும் 99 இருந்தால் மடிக்கும்போது முட்டிக்கொண்டு வளையும். ஆகவே 100, 100, 97. தாளின் பின்பக்கத்தில் இந்த வரிசை தலைகீழாக 97, 100, 100 என்று வரவேண்டும். கணினியில் இது புரியவே இல்லை. நோட்டுப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து மடித்து, ஒன்று முதல் ஆறு வரை எண் போட்டுப் பிரித்ததும் ஒரு நிமிடத்தில் புரிந்துவிட்டது!

படங்களிலும் ஒரு பாடம். அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். 600 புள்ளி அகலமுள்ள படம் இரண்டு அங்குலத்துக்கு மேல் தாங்காது. ஓரத்தில் வெட்டுவதற்காக 3 மில்லிமீட்டர் வண்ணத்தைக் கூடுதலாக நீட்ட வேண்டும். இல்லையென்றால் வெள்ளைக் கோடு விழும்.

வாசகத்தில்தான் அவன் அதிகம் தடுமாறினான். பல்லவர், ஹைதர் அலி எல்லாம் வைத்து ஒரு பக்கம் முழுக்க ஊர்ப் பெருமை எழுதியிருந்தான். சித்தப்பா பார்த்துவிட்டு, "அரிசி வாங்க வர்றவனுக்கு எதுக்குடா சண்டை? எத்தனை விசில் விடணும்னு போடு" என்றார். அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் போரை நீக்கினான். ஊற வைக்கும் நேரமும் விசில் கணக்கும் அந்த இடத்துக்கு வந்தன.

மறுநாள் அச்சுக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. அதற்கு முன் ஒரு மாதிரிப் பிரதி எடுத்து வீட்டில் காட்டினான். எழுத்துப் பிழை இல்லை, தொலைபேசி எண் சரி, மடிப்பு சரி. சித்தி மட்டும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேய், இது பூங்கார் இல்லடா. பித்தளைத் தட்டுல நான் வெச்சது மாப்பிள்ளைச் சம்பா."

இரண்டும் சிவப்பு அரிசி. அவன் கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லை. படங்களை இடம் மாற்றிப் போட்டிருந்தான். மென்பொருளின் பிழை சோதனையில் எல்லாம் பச்சை விளக்குதான் எரிந்தது! அது எழுத்துரு இருக்கிறதா, படம் தெளிவாக இருக்கிறதா என்றுதான் பார்க்கும். தட்டில் இருப்பது எந்த அரிசி என்று அதற்கு எப்படித் தெரியும்? அது தெரிந்தவர் வீட்டில் சித்தி ஒருவர்தான். அன்று அவர் பார்க்காமல் இருந்திருந்தால் ஆயிரம் தாளும் பொய் சொல்லியிருக்கும். அரிசியைப் பற்றி அறிந்து வாங்க வருபவர் முதலில் கவனிப்பதும் அதைத்தான்.

படங்களை மாற்ற இரண்டு நிமிடம்தான் ஆனது. அடுத்த நாள் அச்சுக்குப் போனது.

மென்பொருள் எதுவாக இருந்தாலும் ஒரு வாரத்தில் பழகிவிடலாம். ஆனால் தமிழை யுனிகோடில் அடியுங்கள், அடுத்த வருடம் விலையை மாற்றும்போது அதன் அருமை தெரியும். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் அந்தப் பொருளைக் கையால் தொட்டு வேலை செய்பவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாவிட்டால் பரவாயில்லை!