போனில் பிழை இருக்கவில்லை

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள்களைச் சாய்ந்தமருதுப் பிள்ளைகளுக்காக இணையத்தில் ஏற்றிவைத்தவன் நான். பலருடைய போன்களில் அவை திறக்காமல் போனதற்கும் நான்தான் காரணம். அது தெரிந்துகொண்டே அவர்களின் போன்களைக் குறை சொன்னேன்.

ஒரு கோப்புக்கான இணைப்பைத் தட்டினால், அதைத் திரையில் காட்டுவதா, சேமிப்பதா என்று பிரவுசர் பெரும்பாலும் சேர்வரின் சொல்லைக் கேட்டே முடிவெடுக்கும். கோப்புக்கு முன்னால் சேர்வர் சில வரிகளை அனுப்புகிறது. ‘கன்டென்ட் டைப்’ என்ற வரி, வருவது பிடிஎப்பா படமா என்று சொல்லும். ‘கன்டென்ட் டிஸ்பொசிஷன்’ என்ற வரியில் ‘இன்லைன்’ என்றிருந்தால் காட்டலாம், ‘அட்டாச்மென்ட்’ என்றிருந்தால் சேமிக்க வேண்டும். சேமிக்கும் பெயரும் அதிலேயே வரும். தமிழ்ப் பெயரை அதில் எப்படி எழுதுவது என்பதற்குக்கூட 2011 முதல் தெளிவான விதி இருக்கிறது. பிடிஎப் என்று சரியாகச் சொல்லிவிட்டால் போதும், கணினியில் பயர்பொக்ஸ் 2013 தொடக்கம் தானே திறந்து காட்டுகிறது.

எனக்கோ, எத்தனை பேர் தாள்களை இறக்கினார்கள் என்ற கணக்கை முகப்பில் காட்டும் ஆசை. அந்த எண்ணைச் சொல்லி ஊரில் பெருமைப்பட்டிருக்கிறேன். எண்ணுவதற்காக எல்லாத் தாள்களையும் ‘கெட்.பிஎச்பி’ என்ற நிரலொன்றின் வழியாக அனுப்பினேன். அது எல்லாவற்றையும் ‘ஒக்டெட் ஸ்ட்ரீம்’ என்றது. ஏதோ பைட்டுகள் வருகின்றன என்பதற்கு மேல் அந்தச் சொல்லில் ஒன்றுமில்லை. பெயர் வரியை நான் எழுதவேயில்லை. தாள் முழுதாக இறங்கும்; ஆனால் பிடிஎப் என்ற வால் இல்லாததால் எதைக்கொண்டு திறப்பதென்று போனுக்குத் தெரியாது. என் கணினியிலும் அப்படித்தான் இறங்கியது. நான் பெயரை மாற்றித் திறந்துகொண்டேன். மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்று யோசிக்கவில்லை. ஒவ்வொரு முறை தட்டும்போதும் அவர்களின் டேட்டா தீர்ந்தது, என் எண் கூடியது.

பக்கத்துத் தெரு ராத்தா ஒருவர் போனை நீட்டி, “தம்பி, இறங்குது, ஆனா திறக்குதில்லையே” என்றார். திரையில் கெட்.பிஎச்பி என்ற பெயரைக் கண்டதுமே எனக்கு விளங்கிவிட்டது. “உங்கட போன் பழசு ராத்தா” என்றேன். பக்கத்தில் ஆட்கள் நின்றார்கள். என் தளத்தில் பிழை என்று சொல்ல வாய் வரவில்லை.

கட்டாரிலிருக்கும் அவருடைய கணவர் புதுப் போன் அனுப்பினார். அதிலும் திறக்கவில்லை. தன் கையில்தான் ஏதோ பிழை என்று நினைத்து ராத்தா என்னிடம் வராமலே விட்டுவிட்டார். அவருடைய மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அன்றிரவே வகையையும் பெயரையும் எழுதிச் சேர்த்தேன். சில வரிகள்தான். மறுநாள் எல்லோருக்கும் தாள்கள் திறந்தன. ஏன் திறந்தன என்று நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. ராத்தா பழைய போனை வந்த விலைக்கு விற்றுவிட்டாராம். அதில் ஒரு பிழையும் இருக்கவில்லை. இதை அவரிடம் நேரில் சொல்ல வேண்டியிருக்கிறது. புதுப் போனின் விலைக்கும் பழையதை விற்ற விலைக்கும் இடையிலுள்ள காசையும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.