கடலடியும் கறுப்புக் களிம்பும்

மாயவரத்துக்காரிக்கு முழுக்கு என்றால் என்ன தெரியுமோ, சகோதரிகளே? ஐப்பசியில் துலாக் கட்டத்தில் மூக்கைப் பிடித்துக் கொண்டு மூன்று தடவை முங்கி எழுவது. அதோடு சரி. கடல் என்றாலோ எனக்கு 2004 டிசம்பர் 26தான் நினைவு வரும். பக்கத்துத் தரங்கம்பாடியைச் சுனாமி புரட்டிப் போட்ட பிறகு, கடற்கரைப் பக்கம் நான் தலை வைத்துக்கூடப் படுத்ததில்லை.

அப்படிப்பட்டவளிடம், "அம்மா, குழந்தை கடலுக்கடியில் முங்கப் பழகப் போறா" என்று புதுச்சேரியிலிருந்து மகன் தொலைபேசியில் சொன்னால் எப்படி இருக்கும்? பேத்திக்குப் பத்து வயது. பத்து நிரம்பினால் சேர்த்துக் கொள்வார்களாம். தடுத்தே தீருவதென்று, ஒரு ஜாடித் தக்காளித் தொக்குடன் பஸ் ஏறினேன்.

முதல் பாடம் நீச்சல் குளத்தில். முதுகிலே காற்று உருளை, வாயிலே குழாய். "எது மறந்தாலும் இதை மறக்காதே, மூச்சை அடக்கவே கூடாது" என்றார் ஆசிரியர். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முங்குகிறவள் மூச்சை அடக்காமல் என்ன செய்வாள்? அவர் பொறுமையாக விளக்கினார். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல் இரண்டு மடங்கு. அங்கே நிரப்பிய காற்றை அடக்கிக் கொண்டே மேலே வந்தால், அது இரு மடங்காய்ப் பெருகப் பார்க்கும், நுரையீரல் கிழிந்துவிடும். காது அடைத்தால் மட்டும் மூக்கைப் பிடித்து மெல்ல ஊத வேண்டுமாம். அட, துலாக் கட்டத்து மூக்குப் பிடிக்கு இங்கேயும் வேலை இருக்கிறதே!

பசியோடு வந்த குழந்தைக்கு மருமகள் ரொட்டியில் ஏதோ கறுப்புக் களிம்பைத் தடவினாள். மார்மைட்டாம், கொழும்புச் சிநேகிதி கொடுத்தது. நானும் ஒரு விள்ளல் வாயில் போட்டேன். அடிப்பிடித்த புளிக்குழம்புச் சட்டியைச் சுரண்டி, கைப்பிடி உப்பைப் போட்ட ருசி! பீர் வடித்து மிஞ்சும் ஈஸ்டில் செய்வது என்று, நான் விழுங்கின பிறகுதான் சொல்கிறாள்.

"கேவலமாய் நினைக்காதீங்க அத்தை" என்றாள். பம்பாயில் லூசி வில்ஸ் என்ற பெண் மருத்துவர், ரத்த சோகையில் வாடிய கர்ப்பிணிகளுக்கு இதைக் கொடுத்துத் தேற்றி, 1931ல் அதைக் கட்டுரையாக வெளியிட்டாராம். கர்ப்பிணிகளுக்கு இன்று கொடுக்கும் ஃபோலிக் அமில மாத்திரையின் கதை அங்கேதான் ஆரம்பமாம். அந்த அம்மாளுக்கு ஒரு கும்பிடு. ஆனால் மருந்தை மருந்தாகச் சாப்பிடாமல் ரொட்டியில் தடவுவானேன்?

நாலைந்து நாள் கழித்துக் கடல். தடுக்க வந்தவள் கரையில் நின்றேன். ஆசிரியரோடு அவள் ஏறிய படகு புள்ளியாகி மறைந்தது. வெகுநேரம் கழித்து, தலை சொட்டச் சொட்ட ஓடி வந்து, "பாட்டி, தொக்கு மிச்சம் இருக்கா?" என்று கேட்டாள். அப்போதுதான் நான் மூச்சை விட்டேன்.