கழிவை எங்கே எழுதுவது, சேர்?

வட்டகொடையில் நேற்று விடியலிலிருந்தே மழை. கரண்டும் இல்லை. தரம் 8க்கு கணினி அறைக்குப் போகும் நாள் வேறு. பிள்ளைகளின் முகம் தொங்கிவிட்டது. சோக்கட்டியை எடுத்தேன்.

இலங்கையில் தரம் 6 முதல் 9 வரை தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் ஒரு பாடம். 'பாய்ச்சற் கோட்டுப்படம்' என்றாலே பாதி வகுப்பு மிரளும். தேநீர் போடும் படிமுறைதான் வழக்கமான உதாரணம். (அதை நம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கே சொல்லித்தர வேண்டுமாம்!)

நான் உதாரணம் தேடி, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போனேன். உள்ளீடு: காலை, பகல், அந்தி நிறுவை. மூன்றையும் கூட்டு. தோட்டம் கேட்கும் கிலோ வந்ததா? ஆம் என்றால் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம்; மிஞ்சிய கிலோவுக்குத் தனிக்காசு. இல்லை என்றால் அரைப்பேர், பாதிச் சம்பளம்.

பின்வாங்கிலிருந்து, வாயே திறக்காத பிள்ளை எழுந்தாள். "சேர், கழிவ விட்டுட்டீங்க. சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிப்பாங்களே."

ஒரு பெட்டி கூட்டினேன். "இது மாறியா, மாறிலியா?"

"மாறிலி" என்றான் ஒருவன்.

"இல்ல சேர், மழைநாள்ல கூடும். அம்மா ஏசிக்கிட்டே வருவாங்க."

மாறி என்று முடிவானது. "அப்ப அந்த நம்பர யாரு சேர் போடுறது?" என்றாள். நான் பதில் தேடுவதற்குள் மணி அடித்துவிட்டது.

கரண்ட் வந்ததும் இதையே ஸ்க்ராட்ச்சில் கட்டப் போகிறோம். 2007இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. வெளியிட்டது, கட்டைகளை அடுக்கினால் நிரல். அதில் வரும் பூனையின் முதுகில் கொழுந்துக்கூடை மாட்ட வேண்டுமென்று இப்போதே மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.