ஷட்டர் மோட்டாரை மாத்தணுமா?

கார் ஷெட் ஷட்டர் மோட்டார் நின்னுபோச்சு. பார்க்க வந்தவர் மூடியைக்கூடக் கழட்டலை. "மொத்தமா மாத்திடுங்க காக்கா"ன்னுட்டார். எனக்கு மனசு ஒப்பலை.

சுவிட்சைப் போட்டா 'உம்'முனு முனகுது, சுத்தலை. சிங்கிள் பேஸ் மோட்டாரில் இது பெரும்பாலும் கெப்பாசிட்டர் போன அறிகுறி. அதை மட்டும் மாத்திக்கலாம், பெரிய செலவில்லை. காயில் கருகியிருந்தாலோ, கியர் பல் தேஞ்சு உதிரி கிடைக்கலைன்னாலோதான் புதுசு.

நம்ம கீழக்கரையில் முதல்ல பார்க்க வேண்டியது மோட்டாரை இல்லை, துருவை. உப்புக் காத்துல பக்கவாட்டு கைடும் அடிப்பட்டையும் பொருபொருன்னு உதிரும். கரண்டை நிறுத்திட்டு, கைச் சங்கிலியை இழுத்துப் பாருங்க. சீரா ஏறினா ஷட்டர் நல்லாயிருக்கு. பாதியில இறுகினா, அதைச் சரிபண்ணாம போடுற புது மோட்டாரும் சூடேறி எரியும்.

துபாயிலிருந்து "புதுசா போட்டுடுங்க"ன்னு சொல்ற தம்பிமாருக்கு ஒண்ணு. கரண்ட் போனா அந்தச் சங்கிலிதான் வழி. வீட்டுல தனியா இருக்கிற உம்மாவால அதை இழுக்க முடியுதான்னு ஒருதடவை கேளுங்க. முடியலைன்னா, புது மோட்டாருக்கு முன்னாடி பக்கத்துல ஒரு சின்னக் கதவு வைங்க.