நிவேதனத்துக்கு முன் நீண்ட கை

சென்ற ஆண்டு விநாயக சதுர்த்தியன்று நான் கனடாவின் வான்கூவர் நகரில், மகன் இல்லத்தில் இருந்தேன். எருக்கம்பூ மாலைக்கு அங்கே வழியில்லை. கொழுக்கட்டைக்குக் குறைவில்லை. மருமகள் விடியலிலேயே எழுந்து மாவு கிளறி, பூரணம் உருட்டி, 21 மோதகங்களைத் தட்டில் அடுக்கிப் பிள்ளையார் முன் வைத்திருந்தாள். நான் நாமாவளி சொல்லி அர்ச்சித்துக்கொண்டிருந்தேன். நாலரை வயதுப் பேரன் என் பக்கத்தில் சம்மணமிட்டு அமர்ந்திருந்தான். “உம்மாச்சிக்குக் காட்டினதுக்கு அப்புறம்தான் சாப்பிடணும், இல்லையா தாத்தா?” என்று அவனாகவே இருமுறை கேட்டான். மூன்றாம் முறை கேட்டபோது அவன் கை தட்டில் இருந்தது.

என் கையும் ஓங்கிவிட்டது. கூடத்தின் கோடியில் நின்ற என் மகன், “அப்பா” என்றான். ஒரே சொல், குரலை உயர்த்தவும் இல்லை. ஓங்கிய கையைத் தாழ்த்திக்கொண்டேன்.

அந்தச் சொல்லின் பொருள் எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். 35 ஆண்டுகளுக்கு முன், தஞ்சை மாவட்டத்தில் ஒரு வங்கிக் கிளையில் நான் பணியாற்றிய காலத்தில், இதே சதுர்த்தி நாளில், ஏறத்தாழ இதே வயதில், அவன் நிவேதனத்துக்கு முன் ஒரு மோதகத்தைக் கடித்துவிட்டான். வீடு நிறைய விருந்தினர். “தெரிந்தே செய்கிறாயா?” என்று கேட்டுக் கன்னத்தில் அறைந்தேன். அவன் அழவில்லை, கொல்லைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். அன்று முதல் அவன் மோதகம் தின்பதில்லை. இனிப்பு பிடிக்காது போலும் என்று நானும் என் மனைவியும் எங்களுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டோம். ஆனால் லட்டு தின்பான்.

மருமகள் அங்கே குழந்தைக் கல்வி பயில்கிறாள். அன்று மாலை, “மாமா, கோபித்துக்கொள்ளாமல் இதைப் படித்துப் பாருங்கள்” என்று சில கட்டுரைகளை அச்செடுத்துக் கொடுத்தாள். அதே ஊரிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பேராசிரியை அடேல் டயமண்ட் எழுதியவை அவை. குழந்தையின் கவனமும் தன்னடக்கமும் மூளையில் எவ்வாறு வளர்கின்றன என்பதே அவ்வம்மையாரின் வாழ்நாள் ஆய்வு. தலைமையகச் சுற்றறிக்கைகளைப் படித்த பழக்கத்தில், பென்சிலும் கையுமாக நான்கு நாட்கள் படித்தேன்.

முதலில் கைக்குழந்தைகள். குழந்தையின் முன் இரண்டு குழிகள். இரண்டும் துணியால் மூடப்பட்டவை. ஒன்றில் பொம்மையை ஒளித்தால் குழந்தை எடுத்துவிடுகிறது. பிறகு அதன் கண்ணெதிரிலேயே மற்றொரு குழியில் ஒளித்து, சில நொடிகள் தாமதித்து விட்டால், கை பழைய குழிக்கே போகிறது. இதை முதலில் கண்டவர் ழான் பியாஜே. டயமண்ட் ஏழரை மாதம் முதல் ஓராண்டு வரை குழந்தைகளைத் தொடர்ந்து சோதித்தார். அவை தாங்கக்கூடிய தாமதம் மாதத்துக்குச் சுமார் 2 நொடி வீதம் வளர்வதாகக் கண்டார். பின்னர் யேல் பல்கலைக்கழகத்தில் பாட்ரிசியா கோல்ட்மன்-ரகிச்சுடன் சேர்ந்து, நாம் திருநீறு இடும் நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்நெற்றிப் புறணியின் ஒரு பகுதி பழுதுபட்ட குரங்குகளும் இதே பிழையைச் செய்வதை நிறுவி, 1989-இல் வெளியிட்டார்.

இதில் ஒரு செய்தியின் கீழ் நான் இருமுறை கோடிட்டேன். சில வேளைகளில் குழந்தையின் கண் சரியான குழியையே பார்த்துக்கொண்டிருக்கிறதாம். கைதான் தவறான குழியைத் திறக்கிறதாம்.

அடுத்தது 1994-இல் வந்த சோதனை. கறுப்பு அட்டையில் நிலாவும் விண்மீன்களும். அதைக் காட்டினால் குழந்தை ‘பகல்’ என்று சொல்ல வேண்டும். சூரியன் வரைந்த வெள்ளை அட்டைக்கு ‘இரவு’ என்று சொல்ல வேண்டும். ஐந்து வயது நிரம்பாத பிள்ளைகள் இதில் திணறுகிறார்கள்; ஆறு, ஏழு வயதில் எளிதாகிவிடுகிறது. விதி மறந்து போவதுதான் காரணமோ என்றால், இல்லை. பொருளற்ற கோலங்கள் வரைந்த அட்டைகளுக்கு அதே இரண்டு சொற்களைச் சொல்லச் சொன்னால் சின்னஞ்சிறுவர்களும் சரியாகச் சொல்கிறார்கள். விதி நினைவிருக்கிறது, முந்திக்கொண்டு வரும் சொல்லை அடக்கத்தான் வலுவில்லை. இதைவிட வியப்பு, 2002-இல் வெளியான மற்றொரு சோதனை. அட்டையைக் காட்டியதும், யோசித்துவிட்டுச் சொல் என்னும் கருத்தில் ஒரு சிறு பாட்டைச் சோதிப்பவர் பாடினார். பாட்டு முடியும் வரை பிள்ளை காத்திருக்க நேர்ந்தது. அவ்வளவுதான், விடைகள் திருந்தின.

வங்கிப் பெட்டகத்துக்கு இரண்டு சாவிகள் உண்டு; ஒன்று காசாளரிடம், மற்றொன்று அதிகாரியிடம். ஒருவர் அவசரப்பட்டாலும் மற்றவர் வராமல் பெட்டகம் திறவாது. நாலரை வயதில் அந்த இரண்டாம் சாவி இன்னும் பட்டறையில்தான் இருக்கிறது. முன்நெற்றிப் புறணி இருபது வயதைக் கடந்தும் முதிர்ந்துகொண்டே இருக்கிறது. இல்லாத சாவியைக் கேட்டு அல்லவா நான் அறைந்தேன்!

மற்றொரு கட்டுரை என்னை உறங்கவிடவில்லை. ஃபீனைல்கீட்டோனூரியா என்றொரு பிறவி நோய். உணவிலுள்ள ஃபீனைல் அலனின் என்ற பொருளைச் சிதைக்க உடலில் நொதி இராது. உணவுக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் மூளை கடுமையாகக் கெடும். கட்டுப்பாட்டில் வளர்ந்த பிள்ளைகளின் இரத்தத்தில் அப்பொருள் இயல்பைவிட 3 முதல் 5 மடங்கு வரை இருந்தாலும் தீங்கில்லை என்றே மருத்துவ உலகம் கருதியிருந்தது. அறிவுச் சோதனையிலும் அப்பிள்ளைகள் பெரிதாகக் குறைபடவில்லை. டயமண்ட் குழுவினர் அவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து, 1997-இல் முடிவை வெளியிட்டனர். விதியை மனத்தில் இருத்திக்கொண்டே கையையும் நாவையும் அடக்க வேண்டிய சோதனைகளில் மட்டும் அவர்கள் பின்தங்கினர். முன்நெற்றிப் புறணிக்குச் செல்லும் டோபமைன் நரம்புகள் இந்தச் சிறு மாறுதலையும் தாங்காதவை என்பது அவர் தந்த விளக்கம். அதன் பின் உணவுக் கட்டுப்பாட்டின் அளவு கடுமையாக்கப்பட்டது. அப்பிள்ளைகளின் அடங்காமை இரத்தத்தில் இருந்தது என்று யார் கண்டார்கள்?

அச்சமும் மனவழுத்தமும் வந்தால் இந்தப் பகுதிதான் முதலில் தடுமாறும் என்றும் அவர் எழுதுகிறார். அடிக்குப் பயந்து நிற்கும் பிள்ளையிடம் அடக்கம் இருப்பது போலத் தோன்றும். நமக்கும் அது போதுமானதாகவே இருந்துவிட்டது.

‘இதையெல்லாம் நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர்’ என்று சொல்லும் வழக்கம் எனக்கு உடன்பாடன்று. மூளையை அவர்கள் ஆராயவில்லை. ஆனால் பூஜை வேளையில் என் பாட்டி பிள்ளைகளின் கையில் மணியையோ பூக்கூடையையோ கொடுத்துவிடுவார். கொடுத்த கை தட்டுக்குப் போகாது என்பது அவர் கண்டறிந்தது. அந்த அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

எலேனா போட்ரோவா, டெபோரா லியோங் என்னும் இருவர் வகுத்த மழலைக் கல்வி முறையில் இதைப் போன்ற ஓர் உத்தி உண்டு. படப் புத்தகத்தை வைத்துக் கதை சொல்லும் பிள்ளையின் கையில் உதடு வரைந்த படம். கேட்கும் பிள்ளையின் கையில் காது வரைந்த படம். ‘காது பேசாது’ என்பது பிள்ளைக்கு விளங்கிவிடுகிறது. சில மாதங்களில் படமே வேண்டியிருப்பதில்லை. அமெரிக்காவில் ஏழைக் குடும்பங்கள் மிகுந்த ஒரு நகரப் பள்ளி வட்டாரத்தில், 147 பிள்ளைகளிடம் டயமண்ட் குழுவினர் இம்முறையைச் சோதித்தபோது நல்ல பலன் தெரிந்தது. 2007-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியாயிற்று. பின்னர் பிறர் நடத்திய சோதனைகள் எல்லாவற்றிலும் அதே பலன் கிட்டவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வரவை எழுதிப் பற்றை விட்டுவிடுவது என் தொழிலில் குற்றம்.

அடுத்த சங்கடஹர சதுர்த்திக்கு மருமகள் மீண்டும் மோதகம் செய்தாள். நான் ஓர் அட்டையில் காது வரைந்து பேரனின் இடக்கையில் கொடுத்தேன். வலக்கைக்கு வேலை, ஒவ்வொரு நாமத்துக்கும் எனக்கு ஒரு பூ எடுத்துத் தருவது. இடையில் ஒருமுறை அந்தக் கை தட்டின் பக்கம் போயிற்று. பாதி வழியில் நின்றது. அட்டையைப் பார்த்தான். கை திரும்பி வந்து ஒரு பூவை எடுத்தது. அந்த நாமத்தை நான் இருமுறை சொல்லிவிட்டேன்.

இரவு மகன் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது அருகில் போய் நின்றேன். “அன்னிக்கு, தெரிஞ்சே செய்யறியான்னு கேட்டு அடிச்சேன். உனக்குத் தெரிஞ்சுதான் இருந்தது. கைதான் கேக்கலை. நான் அடிச்சது தப்பு” என்றேன். அவன் குழாயை மூடவில்லை. “அது எப்பவோ நடந்ததுப்பா” என்றான்.

மறுநாள் காலையில் பார்த்தபோது, காது வரைந்த அட்டையைப் பூஜை அலமாரியின் கதவில், பேரனுக்கு எட்டும் உயரத்தில் ஒட்டியிருந்தான். தட்டில் இரண்டு மோதகங்கள் மீந்திருந்தன. அவற்றை அவன் தொடவில்லை.