மேல்மாடிக்கு ஏறிய அச்சகம்

காலை நிகழ்ச்சிக்கு அழைக்கும் நேயர் ஒருவர் தன் சிக்கலைச் சொன்னால், நாற்பது விநாடிக்குள் ஆறுதலாக ஒரு பதில் சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போக வேண்டும். அதுதான் என் வேலை. பத்து ஆண்டுகளாக அப்படியே பேசிப் பேசி, ஒலிவாங்கி இல்லாத இடத்திலும் எல்லாம் தெரிந்த மாதிரி பேசும் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்தப் பழக்கத்தால் அம்மாவின் சேமநிதிப் பணம் மொத்தமும் ஒரு கடைவீட்டுக்குள் போய்ச் சேர்ந்திருக்கும்.

அப்பா கிள்ளானில் அச்சகம் வைத்திருந்தார். ஜாலான் தெங்கு கிளானாவுக்குப் பின்னால் ஒரு சந்து, இரண்டு மாடிக் கடைவீடு, கீழ்த்தளம். 31 ஆண்டுகள். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், பில் புத்தகம், நினைவஞ்சலி அட்டை. நானும் தம்பியும் பள்ளி விடுமுறையில் பில் புத்தகத்துக்கு எண் சரிபார்த்தே வளர்ந்தோம். கடைக்கு நடுவில் ஹைடல்பெர்க் இயந்திரம் ஒன்று நிற்கும். ஒரு டன்னுக்கு மேல் எடை. அது ஓடினால் பக்கத்துத் துணிக்கடைக் கண்ணாடியும் சேர்ந்து நடுங்கும்.

போன வருடம் மூன்று விஷயங்கள் ஒன்றாக வந்தன. அப்பாவுக்கு 67 வயது, முழங்கால் வலி முற்றியது. தம்பி சரக்குப் போக்குவரத்து நிறுவன வேலையை விட்டுவிட்டு, “நான் பாத்துக்கிறேன்பா” என்று கடைக்கு வந்தான். அதே மாதம் கட்டடச் சொந்தக்காரரான பழைய தவுக்கே இறந்துபோனார். காரியமெல்லாம் முடிந்த பிறகு அவருடைய மகன் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். 12 லட்சம் ரிங்கிட்டுக்குக் கடையை வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் 3,200 ஆக இருக்கும் வாடகை 4,500 ஆகும். ஆறு வாரத்தில் பதில் வேண்டும்.

“வாங்கிடலாம்பா” என்றேன், யோசிக்காமல். அன்றிரவே 31 ஆண்டு வாடகையைக் கூட்டிக் காட்டினேன். ஏழு லட்சத்தைத் தாண்டியது. “பாருங்க, இவ்வளவும் அடுத்தவர் பைக்குப் போயிருக்கு.” அந்தத் தொகை எல்லாரையும் வாயடைக்க வைத்தது. நேயர்கள் அழைக்கும்போது இந்த மாதிரி ஒரு எண் கிடைத்தால் எனக்குப் போதும், நிகழ்ச்சி ஓடிவிடும்.

வங்கி 80 விழுக்காடு தருவதாகச் சொன்னது. தம்பிக்கு 33 வயது, 20 ஆண்டுக் கடன், மாதம் ஆறாயிரத்துக்கு மேல் தவணை. மீதி 2 லட்சத்து 40 ஆயிரமும், வக்கீல் கட்டணமும், முத்திரை வரியும் எங்கள் கையிலிருந்து. தனியார் கிளினிக் ஒன்றில் 27 ஆண்டுகள் வேலை பார்த்துச் சேர்த்த இபிஎப் பணத்தைத் தருகிறேன் என்று அம்மா சொன்னார். விற்பனையைப் பேசி முடிக்க வந்த முகவர், இரண்டு விழுக்காடு முன்பணத்துக்குக் காசோலை கேட்டார். 24 ஆயிரம். வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்லியிருந்தோம்.

புதன்கிழமை எங்கள் நிலையத்துக்கு ஒரு சொத்து மதிப்பீட்டாளர் நேர்காணலுக்கு வந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய அக்கா. வீடு வாங்குவது பற்றி இருபது நிமிடம் பேசினோம். ஒலிவாங்கியை அணைத்த பிறகு, லிஃப்டுக்கு நடக்கும் வழியில் எங்கள் கதையைச் சொன்னேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

“உங்க முகவருக்குச் சம்பளம் எப்ப கிடைக்கும்?” என்று கேட்டார்.

“விற்பனை முடிஞ்சா.”

“அது தப்பில்ல, அவர் வேலை அது. ஆனா வாங்காதீங்கன்னு சொல்ல அவருக்குக் காரணமே இல்ல. நீங்க வாங்கினாலும் வாங்காட்டியும் ஒரே கட்டணம் வாங்குற ஒரு ஆள்கிட்டயும் கேளுங்க.”

அவரிடமே கேட்டேன். அறுநூறு ரிங்கிட். அப்பாவுக்கு அது பெரிய அநியாயமாகத் தெரிந்தது. யோசனை சொல்ல யாராவது காசு வாங்குவார்களா என்றார். காசோலையை மட்டும் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போட்டோம்.

சனிக்கிழமை கடைக்கு வந்தார். வந்தவர் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. முதலில் வாடகை ஒப்பந்தத்தைக் கேட்டார். அப்பா பழைய பிஸ்கட் டின்னிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அது முடிந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது! தவுக்கேயும் அப்பாவும் வாய்ப்பேச்சிலேயே ஓட்டியிருக்கிறார்கள். “இப்ப நீங்க மாத வாடகைக்காரர், அவ்வளவுதான். ஒரு மாத நோட்டீஸ் போதும்” என்றார் அக்கா. மூன்று ஆண்டுவரையான வாடகையைப் பதிவு செய்யத் தேவையில்லை, அதைத் தாண்டினால் குத்தகையாக நிலப் பட்டாவில் பதிய வேண்டும் என்றும் விளக்கினார். குறுகிய ஒப்பந்தத்தையும்கூடப் பட்டாவில் குறித்து வைக்கலாமாம். குறிக்காவிட்டால், கடை கைமாறும்போது புதிய சொந்தக்காரரை அது கட்டுப்படுத்தாமல் போகலாமாம். அப்பா டின்னை மூடினார். திரும்பத் திறந்தார். உள்ளே வேறு ஏதாவது தாள் இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

அடுத்துத் தம்பியைப் பார்த்துக் கேட்டார்: “மூணு வருஷம் கழிச்சு இந்தக் கடையில என்ன வேலை நடக்கும்?”

தம்பி யோசித்துச் சொன்னான். பத்திரிகை குறைந்துவிட்டது, பாதிப் பேர் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிவிடுகிறார்கள். சிறு வியாபாரிகளுக்கு ஒட்டுச்சீட்டு, மெனு அட்டை, பெட்டி வடிவமைப்பு என்று போகப்போகிறேன். டிஜிட்டல் இயந்திரம் இரண்டு போதும்.

“அப்ப இந்தக் கடையில கீழ்த்தளத்துல இருந்தே ஆகணும்னு எது இருக்கு?”

எல்லாரும் ஹைடல்பெர்க்கைப் பார்த்தோம்.

எனக்கு உறைத்தது அப்போதுதான். வாங்குவதா வாடகையா என்றே ஒரு மாதமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். தம்பி நடத்தப்போகும் தொழில் அப்பா நடத்திய தொழில் இல்லை என்பதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. போகப்போகும் தொழிலுக்காக இருபது ஆண்டுக் கடன் வாங்கப் பார்த்தோம்.

“முதலீடா நினைச்சு வாங்கலாமே?” என்று நான் விடவில்லை. 

“வாங்கலாம். நீங்க இங்க வாடகைக்கு இல்லாத ஆள்னு வச்சுக்குங்க. இந்தச் சந்துல இந்த விலைக்கு வாங்குவீங்களா?” அரசாங்கத்தின் சொத்துத் தகவல் மையமான நாபிக்கில், கேட்கும் விலையை அல்ல, கைமாறிய விலையைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். அதற்குப் பிறகு ஏழு லட்சக் கணக்கை நான் எடுக்கவில்லை. மளிகைக் கடையோ பூக்கடையோ என்றால் வாங்குங்கள் என்றே சொல்லியிருப்பேன், தெருதான் அவர்களுக்கு வாடிக்கையாளரைக் கொண்டுவருகிறது என்றார். உங்களுக்கு எப்படி வருகிறார்கள் என்று ஒரு மாதம் எண்ணிப் பாருங்கள்.

எண்ணினோம். தம்பி கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்தான். 74 ஆர்டர்கள். தொலைபேசியிலும் வாட்ஸ்அப்பிலும் 52. பெயர்ப்பலகையைப் பார்த்து உள்ளே வந்தவர்கள் 9. மீதி 13 பேர் நேரில் வந்தவர்கள், பழைய ஆட்கள். நோட்டைப் பார்த்த அக்கா அந்தப் பதின்மூன்றை விரலால் தொட்டார். “இவங்க கடைக்கு வரல. உங்க அப்பாகிட்ட வந்திருக்காங்க.”

அப்பாவிடம் இதைச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. குரலை இறக்கி, மெதுவாக, சொற்களைத் தேர்ந்தெடுத்துச் சொன்னேன். பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

“ரேடியோல பேசுற மாதிரி எங்கிட்டப் பேசாதம்மா. மெஷினை விக்கணும், அதானே?”

மேரு பக்கம் அட்டைப்பெட்டி செய்யும் ஒருவர் வாங்கிக்கொண்டார். பெட்டி வெட்டுவதற்கு இந்த இயந்திரத்தை இன்னும் தேடுகிறார்களாம். கிரேன் வைத்த லாரி வந்த அன்று அப்பா கடைக்கு வரவில்லை. முந்தின இரவே போய் எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு வந்திருக்கிறார்.

தாமான் ஸ்ரீ அண்டாலாஸில் ஒரு கடைவரிசையில் முதல் மாடி கிடைத்தது. வாடகை 1,300. இரண்டு ஆண்டு, விரும்பினால் இன்னும் இரண்டு ஆண்டு, புதுப்பிக்கும்போது பத்து விழுக்காட்டுக்கு மேல் ஏற்றக்கூடாது, ஓராண்டுக்குப் பிறகு இரண்டு மாத நோட்டீஸில் விலகலாம் என்று அக்கா சொன்னபடி எழுதி வாங்கினோம், முத்திரையும் வைத்தோம். வணிக உரிமம் முகவரியோடு ஒட்டியது என்பதால் மாநகர் மன்றத்தில் புதிதாக விண்ணப்பம், பெயர்ப்பலகைக்குத் தனி அனுமதி. பழைய கடைத் தரையில் இயந்திரம் நின்ற இடத்தைச் சரிசெய்யச் சொல்லி டெபாசிட்டில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டார்கள். அம்மாவின் பணம் இபிஎப்பிலேயே இருக்கிறது.

ஒன்றை மட்டும் நாங்கள் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. 22 படிகள். லிஃப்ட் கிடையாது. முழங்கால் வலிக்காரரை ஓய்வெடுக்க வைத்து எடுத்த முடிவு, அவரைக் கடைக்குள்ளேயே வரமுடியாமல் செய்துவிட்டது. திறப்பு விழா அன்று ஒருமுறை ஏறினார், நடுவில் இரண்டு முறை நின்று. அதன் பிறகு “நேரம் கிடைக்கும்போது வரேன்” என்கிறார். அக்காவிடம் சொன்னேன். “நான் கேட்டிருக்கணும்” என்றார். நானும்தான்.

இப்போது அப்பா காலையில் பழைய சந்துக்கு எதிரே உள்ள ஒட்டுக்கடையில் உட்காருகிறார். தே தாரிக், ஒரு நாளிதழ், சட்டைப் பையில் தம்பி அச்சடித்துக் கொடுத்த மாதிரி அட்டைகள். போன மாதம் அந்த மேசையிலிருந்து 16 ஆர்டர் வந்தது. தம்பி மதியம் போய் வாங்கிக்கொள்கிறான். அன்றைக்கு நான் கூடப் போனேன். கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் திருவிழா நோட்டீஸுக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தார்.

“கடை எங்கண்ணே இப்ப?” என்றார் அவர்.

அப்பா எதிரே இருந்த பழைய கடையைப் பார்த்தார். கைத்தொலைபேசி உறைகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

“உக்காருங்க, இங்கதான்” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.