குடிசைகளுக்கு முன்பு ஒரு கிராமம்

தாராவி என்றதும் தமிழர்களுக்கு சினிமாதான் ஞாபகம் வருகிறது. 'நாயகன்' (1987) முதல் 'காலா' (2018) வரை திரையில் பார்த்த சந்துகள், தகரக் கூரைகள், தாதாக்கள். ஆனால் அந்தச் சந்துகளுக்கு நடுவே, தமிழர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே இருந்த ஒரு கிராமம் இன்னும் இருக்கிறது. அதன் பெயர் கோளிவாடா. கோளி மீனவர்களின் குடியிருப்பு.

மேற்கே மாஹிம், கிழக்கே சயான் ரயில் நிலையங்கள். வடக்கே மித்தி ஆறு. இதுதான் தாராவியின் எல்லை. இன்று சாக்கடையாகிவிட்ட மித்தி, ஒரு காலத்தில் கடல் நீர் ஏறி இறங்கும் கழிமுகம். அதன் கரையில் வலை வீசி வாழ்ந்தவர்கள்தான் தாராவியின் முதல் குடிகள். 1909ல் வெளியான பம்பாய் அரசிதழ்த் தொகுப்பு, நகரின் ஆறு பெரிய கோளிவாடாக்களில் தாராவியையும் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. குடிசைப்பகுதி என்று யாரும் அதை அப்போது சொல்லவில்லை.

ஊரின் மிகப் பழைய அடையாளத்தைத் தேடினால் பேருந்து டிப்போ பக்கம் போக வேண்டும். டிப்போவுக்கே காலா கில்லா என்றுதான் பெயர். அருகே வீடுகள் நெருக்கியடிக்க நிற்கிறது அந்தக் 'கறுப்புக் கோட்டை'. ரீவா கோட்டை என்றும் சொல்வார்கள். கவர்னர் ஜான் ஹார்ன் உத்தரவுப்படி 1737ல் கட்டப்பட்டது என்கிறது சுவரில் பதித்த கல்வெட்டு. அந்த வருடத்துக்கு ஒரு பின்னணி உண்டு. 1737ல்தான் மராட்டியப் படை, போர்த்துகீசியர் வசமிருந்த சாஷ்டித் தீவுக்குள் புகுந்து தாணேயைப் பிடித்தது. சாஷ்டிக்கும் ஆங்கிலேயரின் பம்பாய்க்கும் இடையே இருந்தது இந்தக் கழிமுகம்தான். தாராவி அன்று எல்லைப்புறக் கிராமம்.

கிராமத்தின் பிழைப்பைக் கெடுத்தது போர் அல்ல, சாலை. சர் ஜம்சேத்ஜி ஜீஜீபாயின் மனைவி அவாபாய் கொடுத்த பணத்தில் 1845ல் மாஹிமையும் பாந்த்ராவையும் இணைக்கும் பாலச் சாலை திறக்கப்பட்டது. கிழக்கே சயானில் அதற்கு முன்பே ஒன்று வந்துவிட்டது. நீரோட்டம் தடைபட்டது, வண்டல் சேர்ந்தது, மீன் குறைந்தது. கழிமுகம் சதுப்பு நிலமானது. அந்தச் சதுப்பில்தான் பிற்பாடு வந்தவர்கள் குடியேறினார்கள்.

வந்தவர்களில் முக்கியமானவர்கள் நெல்லைச் சீமைக்காரர்கள். எதிர்க்கரையில், பாந்த்ராவில் இறைச்சிக் கூடம் இருந்ததால் இந்தக் கரையில் தோல் பதனிடும் தொழில் வளர்ந்தது. அந்த வேலைக்கு வந்த தமிழர்கள் தங்கள் ஊர்களையும் கொண்டுவந்தார்கள். படி மசூதி 1887ல் தொடங்கியது. கணேசர் கோயில் 1913ல் எழுந்தது. சௌராஷ்டிரக் குயவர்களின் கும்பார்வாடாவில் இன்றும் சூளை புகைகிறது. 1971ல் இறைச்சிக் கூடம் தேவனாருக்கு மாறியதும் பதனிடும் தொழில் தேய்ந்தது; தோல் பைகளும் பெல்ட்டுகளும் தைக்கும் தொழில் தங்கிவிட்டது. ஆற்றோரக் குப்பைமேடு மரம் வளர்த்துக் காடாக்கப்பட்டு, 1994ல் இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது.

கோளிவாடா மட்டும் தன் வழக்கப்படி நடந்தது. ஹோலிக்கு ஊர் நடுவில் நெருப்பு. ஆவணிப் பௌர்ணமிக்குக் கடலுக்குத் தேங்காய். மீன்பிடி பெரும்பாலும் போய்விட்டது, ஊர் என்ற நினைப்பு போகவில்லை.

இப்போது அந்த நினைப்புக்குத்தான் சோதனை. தாராவியை இடித்துக் கட்டும் திட்டத்துக்கு மாநில அரசு 2004லேயே ஒப்புதல் தந்தது. பல தடங்கல்களுக்குப் பின் 2022ல் நடந்த ஏலத்தை அதானி குழுமம் வென்றது. 2024ல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு ஆரம்பமானது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் வசிப்பவருக்கு தாராவியிலேயே 350 சதுர அடி இலவச வீடு என்பது விதி. அதற்குப் பின் வந்தவர்களும் மாடியில் இருப்பவர்களும் வேறு இடம் போக வேண்டியிருக்கும் என்பதால், தமிழ்க் குடும்பங்களிலும் பழைய ரேஷன் கார்டைத் தேடும் பதற்றம்.

கோளிகளின் ஆட்சேபம் வேறு மாதிரியானது. நாங்கள் ஆக்கிரமிப்பாளர்கள் அல்ல, இது கிராமம், எங்கள் நிலம். குடிசைப்பகுதிக் கணக்கில் எங்களைச் சேர்க்காதீர்கள் என்கிறார்கள். தேதி கேட்பவர்களுக்கு அவர்கள் தேதி காட்ட முடியும். கோட்டை கட்டிய ஆங்கிலேயன் தன் தேதியைக் கல்லில் வெட்டி வைத்தான். அவனுக்கு முன்பே அங்கே வலை உலர்த்தியவர்கள் எதையும் எழுதி வைக்கவில்லை. சுற்றிலும் கோபுரக் கட்டடங்கள் எழும்போது கோட்டையைக் காப்பாற்றுவது சுலபம், அது கல். கிராமத்தைக் காப்பாற்ற வேண்டுமானால், முதலில் அதைக் கிராமம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.